ஓரத்தில் எழுதிய கேள்வி

எங்கள் கோர்ட்டில் யாராவது வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் அது காற்றோடு போகாது, எக்ஸ்ரே அம்மாவின் நோட்டுக்குள் போய்விடும். ஒருமுறை பெரிய வக்கீல் ஒருவர் சாட்சியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு "சரியான முட்டாள்" என்று முணுமுணுத்தார். நீதிபதிக்கே அது கேட்கவில்லை. மாலையில் தட்டச்சாகி வந்த வாக்குமூலத்தில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே, அந்த இரண்டு வார்த்தையும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. வக்கீல் தாம் தூம் என்று குதித்தார். "நீங்க சொன்னீங்களா இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டார் அந்தம்மா. அன்றோடு சுருக்கெழுத்தர் என்ற பதவிப் பெயர் போய் எக்ஸ்ரே என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அதே அறையில் பெஞ்சு கிளார்க். நீதிபதியின் மேடைக்குக் கீழே எங்கள் இரண்டு மேசையும் முட்டிக்கொண்டு கிடக்கும். வழக்கு எண்ணைக் கூப்பிடுவது, வழக்குக் கட்டுகளை எடுத்து நீட்டுவது, சாட்சி சொன்னது தட்டச்சாகி வந்ததும் அதை அவருக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, இதெல்லாம் என் வேலை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்து யாரும் சிரிக்க வேண்டாம். நான் சட்டம் படித்தவன். மூன்று வருஷம் கருப்புக் கோட்டும் போட்டேன். பிறகு கிளார்க் பரீட்சை எழுதி இங்கே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆகவே, எக்ஸ்ரே அம்மா ஒருநாள் மதியம் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே "அண்ணே, சட்டம் படிக்கலாமா? பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டபோது, கேட்கக் கூடாத ஆளிடம்தான் கேட்டார்.

"யாருக்கு? மகளுக்கா?" என்றேன்.

"எனக்கு."

அந்தம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது, பதினாறு வருஷ சர்வீஸ். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருப்பது நாலாவது மாடியில், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு தான் மட்டும் படியேறிப் போகிற மனுஷர் என்று நானே பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். பத்தாவது படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்தால் ஓய்வூதியத்துக்கான தகுதி வந்துவிடும். இந்த நிலைமையில் சட்டப் படிப்பா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம் அந்தம்மா மேல் இல்லை என்பது எனக்கே அப்போது தெரியாது.

"வேலையத்த வேலை" என்று சொல்லி வைத்தேன்.

அதோடு விடுகிற ஆளா? மறுநாளிலிருந்து வராந்தாவில் போகிற வருகிற வக்கீல்களை எல்லாம் மடக்க ஆரம்பித்தார். முதல் நாலைந்து பேரிடம் நேரடியாகவே கேட்டார், "சட்டம் படிக்கலாமா?" என்று. எல்லாரும் ஒரே குரலில் வேண்டவே வேண்டாம் என்றார்கள். எவ்வளவு பெரிய வக்கீலோ அவ்வளவு சத்தமாக வேண்டாம் என்றார். ஆனால் அவர்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் சட்டம் என்று வந்தது.

"இது சரிப்படாதுண்ணே" என்றார் அந்தம்மா. "அபிப்பிராயம் கேட்டா எல்லாரும் அபிப்பிராயம்தான் சொல்வாங்க. கேள்வியை மாத்தணும்."

மாற்றினார். "நேத்து காலையில எழுந்ததுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன செஞ்சீங்க?" இவ்வளவுதான் புதுக் கேள்வி. இதற்கென்றே ஒரு தனி நோட்டு போட்டுச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். இதற்கு யாரும் மறுக்கவில்லை. தன் நேற்றைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் வக்கீல் என்ன, யாருமே நிறுத்துவதில்லை.

அந்த நோட்டை மதியச் சாப்பாட்டின்போது எனக்கு வாசித்துக் காட்டுவார். சாட்சியை முட்டாள் என்ற அதே பெரிய வக்கீல் விடிவதற்குள் எழுந்து கட்டுகளைப் படித்திருக்கிறார், மூன்று கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வாய் திறந்து வாதாடியது எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிஷம். மீதி நேரம் காரிலும் பெஞ்சிலும் போய்விட்டது. ஒரு தனியார் கம்பெனியில் இருக்கும் பெண் வக்கீல் ஒன்பது வருஷமாகக் கருப்புக் கோட்டையே தொடவில்லையாம். நேற்று முழுக்க நாற்பது பக்க ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பாராவைத் திருத்திக்கொண்டிருந்தாராம். "போரடிக்கலையா?" என்று கேட்டதற்கு "ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறேனே!" என்று சிரித்தாராம். மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருக்கும் நோட்டரி வக்கீல் எண்பத்துநாலு கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது மன்னிக்கணும் வக்கீலின் நேற்றுதான். இருபத்தாறு வயதுப் பையன். "மன்னிக்கணும்" என்று ஆரம்பிக்காமல் அவனுக்கு வாக்கியமே வராது. சீனியரின் கட்டுகளைச் சுமந்துகொண்டு மூன்று கோர்ட்டுக்கு ஓடியிருக்கிறான். நாள் முழுக்கக் கோர்ட்டில் அவன் பேசியது ஒரே ஒரு வாக்கியம், "மன்னிக்கணும், சீனியர் வந்துக்கிட்டிருக்கார்."

"ஒன்பது பேர்கிட்ட கேட்டாச்சு" என்றார் அந்தம்மா. "படிப்பு ஒண்ணு, வேலை ஒன்பது விதமா இருக்கு. இதுல எனக்கு எது வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"தெரிஞ்சுக்காமலே இருங்க, நிம்மதி" என்றேன்.

வீட்டிலும் இதே விசாரணைதான் போலிருக்கிறது. "நீ வக்கீலானா எனக்கு எதிரா வாதாடுவியா?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம். "இப்ப மட்டும் என்ன பண்றேன்?" என்றாராம் இந்தம்மா. "அப்ப படி. பட்டத்தோட சண்டை போட்டா எனக்கும் கௌரவம்தானே" என்று சொல்லிவிட்டு அவர் பல் விளக்கப் போய்விட்டாராம்.

ஒரு மாதம் கழித்து ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். மாலை நேரச் சட்டக் கல்லூரியில் இடம். மூன்று வருஷப் படிப்பு. நுழைவுத் தேர்வு எழுதியதைக்கூட என்னிடம் மூச்சு விட்டிருக்கவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சேர வேண்டும். வேலையில் இருப்பவர் என்றால் அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். எங்களுக்கு அலுவலகம் என்றால் நீதிபதிதான். விண்ணப்பத்தை நானே அவர் மேசையில் வைத்தேன். "நல்ல விஷயம். வர்ற வாரம் போட்டுத் தர்றேன்" என்றார் அவரும்.

இது நடந்தது புதன்கிழமை. அதே புதன்கிழமைதான் அட்டைப்பெட்டிக் கம்பெனி வழக்கும் வந்தது.

வழக்கு பெரிய சிக்கல் இல்லாதது. அட்டை வெட்டும் மெஷினில் வேலை செய்த ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கோர்ட்டில் அவரை மெஷின்காரர் என்றே சொல்வோம். வெட்டுகிற இடத்தின் மேல் ஒரு பாதுகாப்பு மூடி இருக்க வேண்டும். வேலை வேகமாக ஆகட்டும் என்று கம்பெனியே அதைக் கழற்றிவிட்டது என்கிறார் மெஷின்காரர். மூடி அப்படியே இருந்தது, அவர்தான் கவனமில்லாமல் பக்கவாட்டில் கையை விட்டார் என்கிறது கம்பெனி. அன்று கூண்டில் நின்றது கம்பெனியின் சூப்பர்வைசர். மெஷின்காரருக்காகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய சீனியர் வரவில்லை. மன்னிக்கணும் வக்கீலே எழுந்தான். முதல் தடவை.

பதினைந்து நிமிஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் மூடிக்கு வந்தான். எப்படிக் கேட்டான் என்பது எனக்கு அப்போது மனதில் நிற்கவில்லை, பசி நேரம். சூப்பர்வைசர் "ஆமாம்" என்றார். பையன் உட்கார்ந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு தட்டச்சுப் பிரதி வந்தது. கம்பெனியின் வக்கீல் வராந்தாவில் போனில் இருந்தார். நான் வழக்கமான வேகத்தில் படித்தேன். என் வழக்கமான வேகம் என்ன என்று அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும், நடுவில் மூச்சு விடுவது கிடையாது. சூப்பர்வைசர் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கள் காலையில் எக்ஸ்ரே அம்மா என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக, "ரெக்கார்டு ரூமுக்கு வாங்கண்ணே" என்று கூட்டிப் போனார். முகம் வெளுத்திருந்தது. முடிந்த நோட்டுகளை உறைபோட்டு வைப்பதற்கு முன் தட்டச்சோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தம்மாவின் பழக்கம். யாரும் செய்யச் சொல்லாத வேலை.

"இதைக் கேளுங்க. தட்டச்சுல இருக்கிறது: 'சம்பவத்தன்று அந்த மூடியைக் கழற்றியிருந்தீர்களா? ஆமாம்.'"

"சரி."

"அந்தத் தம்பி இப்படிக் கேட்கல. 'அந்த மூடியைக் கழட்டுறது வழக்கமா?' இவ்வளவுதான் கேட்டார். அதுக்குத்தான் ஆமாம்."

சுத்தம் செய்யவும்தான் மூடியைக் கழற்றுவார்கள். வழக்கமாகக் கழற்றுவது ஒரு விஷயம், விரல் போன அன்று கழற்றியிருந்தது வேறு விஷயம். வழக்கு முழுதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதைச் சட்டம் படித்த நான்தான் மூச்சு விடாமல் படித்துக் காட்டியிருக்கிறேன்.

"அப்ப அந்தக் கேள்வி எங்க இருந்து வந்துச்சு?"

அந்தம்மா நோட்டைக் காட்டினார். சுருக்கெழுத்து எனக்குக் கோழி கிளறிய மண்ணு மாதிரிதான். ஆனால் பக்கத்தின் இடது ஓரத்தில், தேதி எழுதுகிற பத்தியில், பொடிப்பொடியாக வேறு சில கிறுக்கல்கள் இருந்தன. "இதென்ன?" என்றேன். சொல்லக் கூச்சப்பட்டார்.

"அது நான் கேட்கிறது."

"யாரை?"

"யாரையும் இல்ல. அவங்க கேட்கிறதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன்ல. இப்படிக் கேட்டா நல்லாயிருக்குமேன்னு தோணும். தோணினா ஓரத்துல போட்டுருவேன். போட்டாத்தான் மனசு அடங்கும், அடுத்ததை எழுத முடியும்."

அன்று பக்கம் முடிகிற இடம். பையனின் கேள்வி கடைசி வரி. அந்தம்மாவின் கேள்வி ஓரத்தில் இடம் போதாமல் ஓரக் கோட்டைத் தாண்டி அந்த வரிக்கு அடியில் வந்து விழுந்திருக்கிறது. அடுத்த பக்கம் "ஆமாம்" என்று ஆரம்பிக்கிறது. தட்டச்சு செய்யும்போது இரண்டு கேள்வியும் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. எது சரியான கேள்வியோ அதைக் கை எடுத்துக்கொண்டது.

ஒரு சுருக்கெழுத்தர் எழுத்தை விடலாம், பெயரை மாற்றிப் போடலாம், எல்லாம் நடக்கிறதுதான். யாரும் கேட்காத கேள்வியை, அதுவும் வழக்கை ஜெயிக்க வைக்கிற கேள்வியைப் பதிவில் ஏற்றியதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

"விடுங்க" என்றேன். உடனே, யோசிக்காமல். "சாட்சி கையெழுத்துப் போட்டாச்சு. யாருக்கும் தெரியாது. மெஷின்காரருக்கு நல்லதுதானே நடக்கும்? உங்க சான்று வேற நீதிபதி மேசையில இருக்கு. வெள்ளிக்கிழமை சேரணுமா வேண்டாமா?"

"சேரணும்" என்றார். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. "ரொம்ப ஆசையா இருக்குண்ணே. ஆனா முதல்ல ஒண்ணு தெரியணும். இது ஒரு தடவைதானா? இதுக்கு முன்னாடியும் செஞ்சிருக்கேனா?"

பயந்து நடுங்குகிற நேரத்திலும் அந்தம்மாவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று மதியமும், மாலை அலுவலகம் மூடும் வரையிலும் பழைய நோட்டுகளை இறக்கிப் பார்த்தோம். அந்தம்மா நோட்டைப் படிக்க, நான் தட்டச்சைச் சரிபார்த்தேன். பதினேழு வாக்குமூலம் பார்த்ததில் வேறு பிழையே இல்லை. ஆனால் ஓரத்துக் கேள்விகள் இருந்தன, பக்கத்துக்குப் பக்கம். நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு நோட்டில்தான் முதல் கேள்வி. அதற்கு முன் ஓரம் சுத்தமாக இருந்தது.

எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். "கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா?" "கடிதம் கிடைத்தது என்கிறீர்கள், பிரித்தது யார்?" "அன்று உங்களுக்கு வார விடுமுறைதானே?" எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். ஆனால் வழக்கைத் தெரிந்த எனக்கு ஒவ்வொன்றும் சுரீரென்று இருந்தது. இதில் பாதியைக்கூட அந்த வழக்குகளின் வக்கீல்கள் கேட்கவில்லை.

அப்போதுதான் அதைச் சொன்னேன். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. "நான் ஏன் வக்கீல் தொழிலை விட்டேன்னு தெரியுமா? வழக்கு வரலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். பொய். வந்துச்சு. எழுந்து நின்னா எனக்குக் கேள்வி வராது. வீட்டுக்கு வந்து சோத்துல கை வைக்கிறப்ப வரும். மூணு வருஷம் அப்படியே போச்சு."

அந்தம்மா சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "சாப்பிடறப்ப வந்த கேள்வி நல்ல கேள்வியாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"பிரமாதமா இருக்கும்" என்றேன்.

செவ்வாய் காலை நீதிபதியின் அறைக்கு இருவரும் போனோம். நான் கடைசி வரைக்கும் தடுத்துப் பார்த்தேன். "மெஷின்காரர் ஜெயிச்சா என் கேள்வியால ஜெயிப்பார். அதை யாருமே கேட்கலையே அண்ணே. சூப்பர்வைசர் சொல்லாததைச் சொன்னதா நான் எழுதி வச்சிருக்கேன். அவரும் ஒரு ஆள்தானே?" என்றார் அந்தம்மா.

நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஓரத்துல இருக்கிறதைப் படிங்க" என்றார். அந்தம்மா படித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கும் அன்னைக்கு இது தோணிச்சு. நானே கேட்டிருக்கலாம். சாப்பாட்டு நேரமாயிடுச்சேன்னு விட்டுட்டேன்." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "ஆனா பதிவு பதிவுதான். நீங்க வந்து சொன்னது நல்லது. சொன்னதால விட்டுர முடியாது."

இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ. சூப்பர்வைசரை வியாழக்கிழமை மறுபடி கூப்பிட உத்தரவு. இரண்டு தரப்புக்கும் நடந்தது என்ன என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தடையில்லாச் சான்று, விளக்கம் வாங்கி விசாரணை முடிந்தபிறகுதான். குறைந்தது முப்பது நாள். "நான் இப்ப கையெழுத்துப் போட்டா தப்பாயிடும்மா" என்றார் நீதிபதி. அவர் குரலில் வருத்தம் இருந்தது, அது உண்மை. ஆனால் வருத்தத்தைக் கல்லூரியில் கொடுத்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இம்முறை மன்னிக்கணும் வக்கீல் தடுமாறவே இல்லை. எழுத்திலேயே கேள்வி அவன் கைக்கு வந்துவிட்டதே. "சம்பவத்தன்று அந்த மூடியைக் கழற்றியிருந்தீர்களா?" என்று அச்சுப் பிசகாமல் கேட்டான்.

"இல்லைங்க. மாட்டித்தான் இருந்துச்சு."

ஒரு வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இப்போது அவருக்கும் அவர் கம்பெனிக்கும் அந்தக் கேள்வியின் விலை தெரியும். கம்பெனியின் வக்கீல் எழுந்து, "அப்படியிருக்க போன வாரம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார். சூப்பர்வைசர் என்னைக் கை காட்டினார். "அவர் ரொம்ப வேகமா படிச்சாருங்க. ஒண்ணும் புரியல." பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

"வேற கேள்வி உண்டா?" என்று நீதிபதி பையனைப் பார்த்தார். பையன் காகிதத்தைப் பார்த்தான். காகிதத்தில் ஒரு கேள்விதான் இருந்தது. எக்ஸ்ரே அம்மாவின் பேனா நோட்டின் ஓரத்துக்குப் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கே போய் நின்றது. எழுதவில்லை.

"மன்னிக்கணும், வேற இல்ல" என்றான் பையன்.

அதையும் எழுதினார். தட்டச்சு செய்தார். நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கமா கூடப் பிசகவில்லை.

வராந்தாவில் மெஷின்காரர் காத்துக்கொண்டிருந்தார். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அவர் சண்டைக்கு வந்திருப்பார் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி அந்தம்மாவிடம்தான் பேசினார். குரலில் கோபமே இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான்.

"அம்மா, நீங்க முதல்ல எழுதினதுதானே உண்மை? அன்னைக்கு மூடி இல்ல. அதைத்தானே எழுதியிருந்தீங்க. அப்புறம் ஏம்மா மாத்துனீங்க?"

அந்தம்மா நின்றார். "உண்மையா இருக்கலாங்க. ஆனா அதை யாரும் கேட்கல, அவரும் சொல்லல. நானா எழுதினது. அது செல்லாது."

"கேட்க வேண்டியவங்க கேட்டிருந்தா?"

மெஷின்காரர் அந்தம்மா கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறைக்குத் திரும்பியதும் அந்தம்மா தட்டச்சு மெஷினில் ஒரு தாளைப் போட்டார். இரண்டே வரி. எடுத்து என் முன்னால் வைத்தார். ராஜினாமா. வேலையில் இல்லாதவருக்குத் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று கல்லூரியில் விசாரித்து வைத்திருக்கிறார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். "இன்னும் நாலே வருஷம். பென்ஷன் கையில வந்துரும். ஒரு மாசம் பொறுத்தா விசாரணை முடிஞ்சு அடுத்த வருஷம் சேரலாம். நீங்களே ஒன்பது பேரைக் கேட்டீங்களே, அதுல ஒருத்தராவது இது நல்ல தொழில்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்புறம்?"

"'மாட்டித்தான் இருந்துச்சு'ன்னு அவர் சொன்னப்ப உங்களுக்கு என்னண்ணே தோணிச்சு?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் உண்மை.

"மாட்டியிருந்தா விரல் எப்படிங்க உள்ள போச்சு? பக்கத்துல எவ்வளவு சந்து இருக்கு, அதுல ஒரு கை நுழையுமா, நுழைச்சுக் காட்டுங்க. இவ்வளவுதான் கேட்கணும். அந்தத் தம்பிக்கு வரல. நீதிபதி ஐயாவும் கேட்கல, எனக்கு மெமோ போட்டுட்டுத் தானும் எல்லை தாண்டக் கூடாதுன்னு இருந்துட்டார். எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சுண்ணே. முழுங்கினேன். மெஷின்காரர் என்னையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். இன்னும் நாலு வருஷம் இப்படி முழுங்கிக்கிட்டு என்னால உக்கார முடியாது."

அழுதுகொண்டே சொன்னார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் எங்கேயோ ஒரு லிஃப்டின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது. ஐந்து நிமிஷம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு, "திட்டினார். அப்புறம் நாளைக்குச் சாயங்காலம் கல்லூரிக்கு நானும் வரட்டுமான்னு கேட்டார்" என்றார். குற்றச்சாட்டு எதுவும் இன்னும் பதியாததால் வெள்ளிக்கிழமை மதியம் நீதிபதி ராஜினாமாவை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். பணி விடுவிப்பு ஆணையை நான்தான் தயாரித்தேன். நாலே முக்காலுக்கு அந்தம்மா கல்லூரியில் சேர்ந்துவிட்டதாக மகள் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள்.

இப்போது அந்தம்மா பகலில் வீட்டிலிருந்து தட்டச்சு வேலை எடுத்துச் செய்கிறார். மாலையில் தன் மகளைவிட ஐந்தாறு வயது மூத்த பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருகிறார். சமாளிக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்டேன். "இன்னும் தெரியலைண்ணே, பார்ப்போம்" என்றார். அந்தத் தொழிலில் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியாது. பதினொரு நிமிஷம் பேசுவதற்காக நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார வேண்டி வரலாம்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மெஷின்காரர் தோற்றார். சம்பவத்தன்று மூடி இல்லை என்பதற்கு அவர் வாய்மொழி தவிர வேறு சாட்சியம் இல்லை என்று ஒரே வரி. தீர்ப்பின் நகல் வாங்க அவர் என் மேசைக்கு வந்தார். மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னார். பக்கத்து மேசையில் புதுச் சுருக்கெழுத்தர் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா எங்கே?" என்றார்.

"சட்டம் படிக்கப் போயிட்டாங்க."

அவர் நகலை மடித்தபடியே யோசித்தார். "அது எத்தனை வருஷம்?"

"மூணு."

"என் அப்பீல் அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

இந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் அழுவார்கள், அல்லது திட்டுவார்கள். நானும் மழுப்பி அனுப்பிவிடுவேன். அன்று மழுப்பவில்லை.

"மூணு வருஷத்துல விசாரணைப் பட்டியலுக்கே வராது" என்றேன்.

மெஷின்காரரின் முகம் மலர்ந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தன் வழக்கின் சாட்சியத்தை எழுதிய அந்தம்மா பட்டம் வாங்கியபின் அதே வழக்குக்கு வக்கீலாக வர முடியுமா என்பது தனிச் சிக்கல். எனக்குத் தெரிந்த வரை முடியாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"அப்ப நான் காத்திருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.